மரக்கடை மாமாவின் டேப்

மரக்கடை மாமாவை அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகிறது. நினைவுக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவர் எங்கள் தேவாலயத்துக்குக் கொடுத்த பணத்தையே பேசினார்கள். கோபுர வேலைக்கு இவ்வளவு, பெஞ்சுக்கு இவ்வளவு என்று. கொடுத்தது பொய்யில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

செங்கோட்டைப் பக்கம் மரக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உருட்டு மரத்தில் ஏமாற்ற எவ்வளவு இடம் இருக்கிறது என்று. மரத்தின் நடுவில் டேப்பைச் சுற்றி, வருகிற அங்குலத்தை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. டேப் கொஞ்சம் தளர்ந்து 50 என்று விழுந்தால் முக்கால் கன அடிக்கு மேல் ஏறிவிடும். வாங்குகிறவர் காற்றுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார்.

நாங்கள் வீடு கட்டியபோது கதவு நிலைக்கு மரம் எடுக்க அப்பாவோடு போனேன். மாமா டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, “நல்லா இறுக்கிப் பிடி மக்கா, மரத்துக்கு வலிக்காது” என்றார். பிறகு வெட்டுமுகத்தில், நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்துக்கு வெளியே தெரிந்த வெள்ளையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். “இதுல வண்டு விழும். வைரத்துக்கு மட்டும் காசு குடுங்க அத்தான்.” அந்த நிலை இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

2014 ஏப்ரலில் மியான்மர், அதாவது பழைய பர்மா, உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. அதன் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தூத்துக்குடியில் இறங்கும் தேக்குக்குத்தான் கிராக்கி. அதை பர்மா தேக்கு என்று சொல்லி விற்றவர்களும் உண்டு. மாமா ஒவ்வொரு மரத்திலும் எந்த நாடு என்று எழுதிவைத்தார். வியாபாரம் படுத்தது. “வராத மரத்த எப்படி மக்கா விப்பேன்?” என்றார்.

ஆலயத்திலும் அதே ஆள்தான். கமிட்டியில் ரசீது இல்லாமல் ஒரு வரி செலவு போனாலும் எழுந்து சத்தம் போடுவார். கோபக்காரர், வார்த்தை தடித்துவிடும். அதனாலேயே இரண்டு தடவை தேர்தலில் தோற்றார். தோற்ற வருஷமும் அசனத்துக்கு, அதாவது ஆலயத்தின் பொது விருந்துக்கு, விறகு அவருடையதுதான். மில்லில் கழித்த துண்டுகளை மூன்று மாதம் முன்பே கொட்டகையில் காயப்போடுவார், ஈர விறகு புகைந்தால் சோற்றில் வாடை ஏறும் என்று. ராத்திரி முழுக்க அண்டாவுக்குக் கீழே தீயைத் தள்ளிக்கொண்டு நிற்பார். விடிந்ததும் கண் சிவந்து, சட்டையெல்லாம் புகை வாடையோடு, ஆராதனையில் கடைசிச் சுவரோரம் நிற்பார். முன்னால் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

சபையில் இல்லாதப்பட்ட வீட்டில் துக்கம் என்றால் பெட்டிக்கு மரம் அவர் கடையிலிருந்து போகும். அளவெடுக்க ஆளை அனுப்பமாட்டார். அதே டேப்போடு அவரே போவார், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு. ஒருமுறை நானும் கூட நின்றேன். இறந்தவர் நல்ல உயரமான மனுஷர். மாமா அளந்துவிட்டு, இன்னும் நாலு அங்குலம் கூட்டி எழுதினார். “கால மடக்கக் கூடாதுல்ல” என்றார், வேறெதுவும் பேசவில்லை.

ஆலய ஆண்டறிக்கையில் அவரைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரூபாய்க் கணக்கை எழுதுங்கள். அந்த நாலு அங்குலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.