கத்தரிக்காய்க்கு எத்தனை தட்டு?

என் மகன் ஒன்றாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் டக்கென்று சொல்லிவிடுவான். ஆனால் ‘பட்டம்’ என்று எழுதிக் காட்டினால் ‘ப... இட்... ட... இம்...’ என்று படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். சேர்த்துச் சொல்லத் தெரியாது. வகுப்பில் இதைக் கவனக்குறைவு என்றார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘ப இட் ட இம்’ என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பட்டம் வராது, நீங்களே சொல்லிப் பாருங்கள். ‘இட்’ என்பது அந்த எழுத்துக்கு நாம் வைத்த பெயர். பட்டத்துக்குள் ‘இ’ எங்கே இருக்கிறது?

மெய்யெழுத்து முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பட், டம். அவ்வளவுதான்.

சரி என்று புத்தகத்தை மூடிவிட்டு, புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சொல்லைப் பிரித்துச் சொல்லும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைதட்டு, ஒரு தட்டுக்கு ஒரு கொட்டை. அம், மா: இரண்டு. தக், கா, ளி: மூன்று. கத்தரிக்காயில் ஏழு எழுத்து, ஆனால் கத், த, ரிக், காய் என்று நான்கே கொட்டை. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே குஷி. சமையலறையில் இருந்த எல்லாக் காய்க்கும் தட்டினான்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, எழுத்துப்பிழையும் குறைந்தது. முன்பு ‘பக்கம்’ என்று சொன்னால் ‘பகம்’ என்று எழுதுவான். பக், கம் என்று தட்டிய பிறகு, அந்த ‘பக்’கில் நாக்கு நிற்பது அவனுக்கே தெரிகிறது, புள்ளி வைத்த க் தானாக வந்துவிடுகிறது.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. செய்யுள் இலக்கணமான யாப்பில் சொல்லை அசை என்ற துண்டுகளாகப் பிரிப்பார்கள். அதில் நேரசை என்ற வகைக்கு உதாரணம் ‘ஆழி வெள்வேல்’: ஆ, ழி, வெள், வேல். மெய்யெழுத்து எங்கும் தனித்து நிற்கவில்லை. பத்தாம் வகுப்பில் குறளை அலகிட, அதாவது அசைகளாகப் பிரித்துக் காட்ட, சொல்லும்போது பிள்ளைகள் திணறுகிறார்கள், அதற்கான காது ஆறு வயதிலேயே இருக்கிறது. (தமிழாசிரியர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ‘மலர்’ யாப்பில் நிரையசை என்ற இன்னொரு வகையில் ஒரே அசை, தட்டினால் ம, லர் என்று இரண்டு. சின்னப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.)

இக், இங் என்ற பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. பெயர் தெரியட்டும். ஆனால் சொல்லைப் படிக்கும்போது அந்தப் பெயரை நடுவில் செருக வேண்டாம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்பது தினம் ஐந்து நிமிடம். கரும்பலகையில் எழுதும் முன், வாயால் பிரித்துக் கைதட்ட விடுங்கள். முதல் வாரத்துக்கு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களே போதும்.