அந்த ஜி.ஆர். நம்பர் எங்கே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போனை நீட்டிவிட்டாள். "ஏலே, இதப் படி. 2011 வரைக்கும் வந்தவங்களுக்கும் தாராவியிலயே ஃப்ரீயா வீடாம்."

தமிழில் ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு. அடியில் ஒரு ஹிந்திச் சேனலின் ஸ்க்ரீன்ஷாட். தாராவிக் குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் மகாராஷ்டிர அரசு இப்படி முடிவு செய்துவிட்டது என்றிருந்தது. என்றைக்கு, எந்தத் துறை, என்ன ஆணை, ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்கு இது வெறும் செய்தி இல்லை. அண்ணன் அந்தச் சந்திலேயே அறை வாங்கியது 2006இல். இந்த ஃபார்வர்டைக் காட்டியே ஒருத்தர் "ஃபைல் போட" இரண்டாயிரம் ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் மராத்தி படித்தவன். அங்கேயே உட்கார்ந்து அரசு இணையதளத்தில் தேட ஆரம்பித்தேன். நம் ஊரில் அரசாணை என்கிறோமே, அதற்கு இங்கே ஷாஸன் நிர்ணய். எல்லோர் வாயிலும் ஜி.ஆர். வீட்டு வசதித் துறை, தாராவி என்று கொடுத்துத் தேடினால் வரும். தளம் முனகும், இரண்டு முறை நின்றுபோகும், ஆனால் வரும்.

ஜி.ஆரில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கடைசிப் பத்தி. இந்த ஆணை அரசு இணையதளத்தில் இருக்கிறது, இதன் குறியீட்டு எண் இது என்று ஒவ்வொரு ஜி.ஆரும் அங்கே தானே சொல்லும். நீளமான எண். முதல் எட்டு இலக்கங்களைப் பார்த்தாலே ஆண்டு, மாதம், தேதி தெரிந்துவிடும். தளத்தில் அதைத் தட்டினால் அந்த ஒரே ஆணை வந்து நிற்கும். அரசாங்கமே தன் காகிதத்துக்கு இப்படி ஒரு முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை நான் படிக்கும் செய்திகள் முதல் வேலையாக வெட்டி எறிந்துவிடுகின்றன.

ஃபார்வர்டில் இருந்தது பாதி உண்மை, அதுவும் கலந்துகட்டிய பாதி. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மேல் மாளாவில், அதாவது மாடியில், இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: 2022 நவம்பர் 15க்குள் குடியிருந்ததற்குச் சான்று, வாடகை வீடு, தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். மூன்று வகை, மூன்று தேதி. மராத்தியிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து ஹிந்தி, ஹிந்தியிலிருந்து நம் தமிழ் என்று செய்தி இறங்கி வருவதற்குள் "வெளியே" என்ற ஒரு சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. அண்ணனுக்கு எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

(எண்ணை ஏன் இங்கே போடவில்லை என்று கேட்பீர்கள். அத்தனை இலக்கத்தையும் கையால் தட்டி ஒன்று பிசகினால் நானும் அந்தச் சேனலும் ஒன்றாகிவிடுவோம். முதல் கமெண்டில் பிடிஎஃப்பையே போட்டிருக்கிறேன்.)

இதில் இன்னொரு குளறுபடியும் உண்டு. அமைச்சர் பேட்டியில் சொல்வது ஒன்று. அமைச்சரவை ஒப்புதல் தருவது இன்னொன்று. அதற்கப்புறம் ஜி.ஆர். வரும்; சில விஷயங்களுக்கு அரசிதழ் அறிவிக்கையும் வர வேண்டும். இவற்றுக்கு நடுவே வாரங்கள் ஓடும், நிபந்தனைகள் முளைக்கும். பத்திரிகையில் நாலுக்கும் ஒரே தலைப்புதான்: "அரசு அதிரடி." பேட்டிக்கு எண் கிடையாது, ஜி.ஆருக்கு உண்டு. எண்ணைக் கேட்டாலே விஷயம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. 2005 ஜூலை 26 வெள்ளத்தை இந்த நகரத்தில் யாரும் மறக்கவில்லை. "மும்பையில் 944 மில்லிமீட்டர்" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். வானிலைத் துறைக் கணக்கில் அது சாந்தாகுரூஸ் ஆய்வகத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது. அதே 24 மணி நேரத்தில் கொலாபா ஆய்வகத்தில் சுமார் 73 மட்டுமே. இரண்டும் மும்பைதான். எந்த ஆய்வகம் என்ற ஒரு சொல்லை விட்டால், மித்தி ஆற்றங்கரையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களும் தென்முனைக் கொலாபாவில் குடை பிடித்துக்கொண்டு போனவர்களும் ஒரே மழையில் நனைந்த மாதிரி ஆகிவிடும்.

ஏரிக் கணக்கும் அப்படித்தான். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளின் அளவையும் மாநகராட்சி தினமும் காலையில் ஒரு தாளாக வெளியிடுகிறது. அதில் போன வருடம், அதற்கு முந்தின வருடம் இதே தேதியில் எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே இருக்கும். செய்தியில் வருவது இன்றைய சதவீதம் மட்டும். 2024 கோடையில் மே 30 முதல் 5 சதவீதமும், ஜூன் 5 முதல் 10 சதவீதமும் தண்ணீர் வெட்டு என்றது மாநகராட்சி. எங்கள் குரூப்புக்கு வரும்போது அது "பாதித் தண்ணீர்தான்" ஆகியிருந்தது. பெரியம்மா அண்டா, குடம், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டாள்.

நிருபராக இருக்கும் நண்பனிடம் சண்டை போட்டேன். "நான் எழுதித்தான் குடுக்குறேன்டா. டெஸ்க்ல வெட்டிடுறாங்க. நம்பரை எவன் படிப்பான்னு கேக்குறாங்க" என்றான். பாவம், அவன் மேல் தப்பில்லை. ஆனால் செய்தியைத் திருத்தி வெட்டும் அந்த டெஸ்க்காரர் எந்த ஊரில் இருக்கிறார்? சயான் ஸ்டேஷனில் எவனைக் கேட்டாலும் 7.52 ஸ்லோ லோக்கல் என்பான், எட்டு மணி வண்டி என்று சொல்ல மாட்டான். தனக்கு வேண்டிய எண் என்றால் இந்த ஊர் ஆள் நிமிடம் வரை படிப்பான்.

தப்பு பத்திரிகைகள் மேல் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டி, முப்பது நாளில் பதில் வாங்கும் சட்டம் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். நாம் கேட்காமலேயே அரசு தானாக வெளியிட வேண்டியதை அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. வெளியிடும்போது உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. மாநில மொழி மராத்தி, சரி. தாராவியின் பல சந்துகளில் உள்ளூர் மொழி திருநெல்வேலித் தமிழ். ஒரு பக்கச் சுருக்கமும் அடியில் அந்த எண்ணும் தமிழில் வந்தால் என்ன குறைந்துவிடும்? வரவில்லை என்பதால்தான் அந்த இடத்தில் ஃபைல் போடுகிறவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்குப் பெரியம்மாவுக்காக அந்த ஜி.ஆரை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். ஒரு எழுத்தும் அவளுக்குத் தெரியாது. தேதிகள் இருந்த இடங்களைப் பேனாவால் வட்டம் போடச் சொன்னாள், கடைசிப் பக்கத்து எண்ணுக்கும் சேர்த்து. ரேஷன் கார்டு, பழைய லைட் பில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்தாள். இரண்டாயிரம் திரும்பி வரவில்லை. அண்ணன் இரண்டரை லட்சத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறான்.

நேற்று ராத்திரி குரூப்பில் புதுசாக ஒரு ஃபார்வர்டு. சதுர அடியைக் கூட்டிவிட்டார்களாம். கீழே பெரியம்மாவின் குரல் பதிவு, ஆறு விநாடி: "தம்பி, அந்தக் கடைசி நம்பரப் போடுய்யா." போட்டவர் இன்னும் போடவில்லை.