காட்கே யாரு, எம்.எல்.ஏ.வா?

போன ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் ஒருவரின் பணி நிறைவு விழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெங்களூர் விமானபுராவில், ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் டாக்டர் காட்கே கன்வென்ஷன் சென்டர். வாசல் பலகையில் இருந்த ஆங்கிலப் பெயரைத் தங்கை மகன் "காட்டேஜ் கன்வென்ஷன் சென்டர்" என்று படித்தான். எங்கள் மாமா ஒருத்தர் திருத்துகிறேன் பேர்வழி என்று, "காட்டேஜ் இல்லடா, காட்கே. இந்த ஏரியா பழைய எம்.எல்.ஏ.வா இருப்பாரு" என்றார்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு 82 வயது. 1962இல் ஹெச்.ஏ.எல்.லில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, விமானத்தின் உடம்பைச் செய்கிற ஏர்ஃப்ரேம் பிரிவில் ரிவெட் அடித்தே ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் பேச மாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என்னை உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். அதில் பாதி எனக்கே தெரியாது, இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்தது முருகேஷ்பாளையாவில். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷ்ணு மாதவ் காட்கே, 1908இல் கோலாப்பூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டலிடம் ஆராய்ச்சி செய்து 1936இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிராண்டல் என்றால் ஏரோநாட்டிக்ஸ் படித்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஓடுகிற காற்று ஒரு பரப்பைத் தொடும் இடத்தில் மெல்லிய படலமாக அதிலேயே ஒட்டி நின்றுவிடுகிறது, இறக்கையின் இழுவையும் தூக்குவிசையும் அந்தப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தவை என்று 1904இலேயே சொன்னவர். நம் வீட்டு மின்விசிறியைப் பாருங்கள், நாள் முழுக்கச் சுற்றினாலும் இறக்கையில் படிந்த தூசி பறந்து போவதில்லை, இல்லையா? அதே சங்கதிதான்.

அப்படிப்பட்டவரிடம் படித்துவிட்டு வந்த மனிதர், வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் உதவியோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனிக்கு (அதுதான் இன்றைய ஹெச்.ஏ.எல்.) வருகிறார். 1942இல் டாடா இன்ஸ்டிடியூட்டில் (பழைய பெங்களூர்க்காரர்கள் ஐ.ஐ.எஸ்.சி.யை இப்படித்தான் சொல்வோம்) ஏரோநாட்டிக்கல் துறை தொடங்கியபோது அங்கே பாடம் எடுத்த முதல் ஆட்களில் இவரும் ஒருவர். ஒரு பக்கம் விமானம் வரைய வேண்டும், இன்னொரு பக்கம் விமானம் வரையத் தெரிந்த ஆட்களையே உருவாக்க வேண்டும்.

அப்புறம் காட்கே தலைமையில் வந்தது ஹெச்.டி.-2. ஹிந்துஸ்தான் டிரெய்னர், அதாவது பயிற்சி விமானம். 1951 ஆகஸ்ட் மாதம் முதல் தடவை பறந்தது, சுதந்திரம் வாங்கி நாலே வருஷம். முழுக்க உலோக உடம்பு, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. உற்பத்திக்குப் போனதில் 155 குதிரைசக்தி இன்ஜின், இங்கிலாந்தில் செய்தது. இன்றைக்கு சில்க் போர்டு ஜங்ஷனில் உறுமிக்கொண்டு நகராமல் நிற்கிற எஸ்.யூ.வி.க்கும் ஏறக்குறைய அதே சக்திதான். இன்ஜின் வெளிநாடு என்றாலும் மற்ற வரைபடம் எல்லாம் இந்த ஊரில் போட்டது. விமானப்படையில் டைகர் மாத், பிரெண்டிஸ் போன்ற பிரிட்டிஷ் பயிற்சி விமானங்கள் இருந்த இடத்துக்கு இது வந்தது, நூற்றைம்பதுக்கும் மேல் செய்தார்கள், கானா நாட்டு விமானப்படைக்குக்கூட 12 போயிருக்கின்றன.

குறை இல்லாத விமானமா? இல்லை. வால்சக்கர விமானங்களுக்கே உள்ள குணம் அதற்கும் உண்டு. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையிறங்கி ஓடும்போது கொஞ்சம் கோணினாலும் வால் முன்னால் வரப் பார்க்கும், கால் பெடலில் அசந்தால் விமானம் ஓடுபாதையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இதில் பழகியவன் வேறு எதையும் ஓட்டிவிடுவான் என்பது அப்பாவின் கட்சி. அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். நமக்கு விமான வடிவமைப்பாளர் என்றால் போர் விமானம்தான் கண்ணில் நிற்கிறது. குர்ட் டாங்க் பெயரைச் சொல்லுங்கள், பத்துப் பேர் வந்து பேசுவார்கள். ஜெர்மன்காரர், இரண்டாம் உலகப் போரில் ஃபோக்கே-வுல்ஃப் 190 செய்தவர், அர்ஜென்டினா போய்விட்டு 1956 வாக்கில் பெங்களூர் வந்து நமக்கு மாருத் போர் விமானம் வரைந்து கொடுத்தவர். பெரிய ஆள்தான், அவர் ஹிட்லர் காலத்து ஆள் என்பதையும் மறக்காமல் சொல்கிறேன். 1961 ஜூன் 17 அன்று மாருத் பறந்தது. அந்த அழகான உடம்புக்கு ஏற்ற இன்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் 12 இன்ஜின் பாதியில் நின்றது, அதை முடிக்க நம் அரசு பணம் போடவில்லை, எகிப்தோடு சேர்ந்து செய்த முயற்சியும் கைகூடவில்லை. சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் இரண்டை வைத்துக்கொண்டு 147 விமானங்கள் செய்தார்கள். 1971 போரில் நன்றாகவே வேலை செய்தது என்றாலும் "ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம்" என்ற கனவு கனவாகவே போனது. இதைப் பற்றி வீடியோ, விவாதம், பெருமூச்சு எல்லாம் ஏராளம்.

அதே வளாகத்தில், அதே வருஷங்களில், காட்கே தலைமையில் நம் ஆட்கள் கிரண் என்ற பயிற்சி ஜெட்டை வரைந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு பெருமூச்சுகூட இல்லை, ஏனென்றால் அது சொன்னபடி வேலை செய்தது. 1964 செப்டம்பர் 4 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதலில் ஓட்டினார். மாருத்தை முதலில் ஓட்டியவரும் அவர்தான், 1970 ஜனவரியில் ஒரு மாருத் சோதனைப் பறப்பிலேயே உயிரை விட்டார். தினமும் டிராஃபிக்கில் திட்டிக்கொண்டே போகிறோமே சுரஞ்சன்தாஸ் ரோடு, அது அவர் பெயர். கிரண் பறந்த அன்று அப்ரண்டிஸ் பையன்கள் ஷெட்டுக்கு வெளியே ஓடி வந்து பார்த்தார்களாம். "சத்தம்தான் முதல்ல காதுல விழுந்துச்சு. நாங்க அடிச்ச ரிவெட்டு ஒண்ணாவது அதுல இருக்குமான்னு பேசிக்கிட்டோம்" என்றார் அப்பா. இருந்திருக்காது, அப்ரண்டிஸை யார் முதல் விமானத்தில் கை வைக்க விடுவார்கள்!

ஹெச்.டி.-2இல் ஆசிரியரும் மாணவனும் ஒருவர் பின் ஒருவர், கிரணில் பக்கத்துப் பக்கத்தில். பல வருஷங்களுக்கு நம் விமானப்படைப் பையன்கள் முதலில் ஏறியது ஹெச்.டி.-2, அதை முடித்து ஏறிய ஜெட் கிரண். அதாவது அவர்களுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்ததும் காட்கே, எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்ததும் காட்கே. அப்புறம் விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழு பல வருஷம் வானத்தில் கோலம் போட்டதும் இந்தக் கிரணின் இரண்டாம் வகையில்தான். எலகங்கா விமானக் கண்காட்சியில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து நானும் கைதட்டியிருக்கிறேன், யார் செய்ததென்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பயிற்சி விமானம் வரைவது இளப்பமான வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. போர் விமானத்தை ஓட்டுபவன் தேர்ந்தவன். இதை ஓட்டப் போகிறவன் நேற்றுவரை ஸ்கூட்டரையே ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவன். தரையில் தொப்பென்று போடுவான், வேகத்தைக் குறைத்து வானத்தில் தொங்க விடுவான், சுழல விட்டுவிட்டு முழிப்பான். அத்தனையையும் தாங்கி, அவனைத் திருப்பிக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் அடுத்தவனுக்குத் தயாராக நிற்க வேண்டும். இதை எந்த வேகக் கணக்கில் அளப்பீர்கள்?

இன்னொரு ஆதங்கம். 1961இல் மாருத். அடியிலிருந்து வரைந்த அடுத்த போர் விமானமான தேஜஸ் பறந்தது 2001 ஜனவரியில். நாற்பது வருஷம்! சித்திரமும் கைப்பழக்கம் என்பார்களே, வரைந்து பழகிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுப் போக, புதுக் கைகளுக்குக் கற்றுத்தர ஒரு புது விமானம் இல்லை. எல்லாத் தவறும் இன்ஜினுக்கே என்று எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியையும் கொஞ்சம் பேச வேண்டும். காட்கே 1991இல் இறந்தார். தேஜஸ் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

மகனுக்கு இந்த மாதம் பள்ளியில் புராஜெக்ட், தலைப்பு "விமான முன்னோடிகள்". தாத்தா சொல்லச் சொல்ல ஹெச்.டி.-2 படம் வரைந்து காட்கே பற்றி எழுதிக்கொண்டு போனான். பாடத்தில் இல்லாதவரைப் பற்றி எழுதாதே, ரைட் சகோதரர்களைப் பற்றி எழுதி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டான், மார்க் முக்கியம். அந்தப் பழைய தாளை மட்டும் அப்பா வாங்கித் தன் மருந்து டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது ஹெச்.டி.-2 அல்லது கிரண் ஓட்டியிருந்தாலோ, அந்த ஷெட்டில் வேலை பார்த்திருந்தாலோ கீழே எழுதுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன், ஃபோனில் எழுத்து அவருக்குத் தெரியாது. அந்த எம்.எல்.ஏ. மாமாவையும் டேக் செய்திருக்கிறேன்.