பாரி மகளிரை விட்டுவிட்டீர்களே

ஊரை இழந்த ஏக்கம் கவிதைக்குள் வந்ததே கடந்த நூற்றாண்டில்தான் என்கிற மாதிரி உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புறநானூற்றின் 112-ஆம் பாடல் என்ன ஆயிற்று? மூவேந்தர் பகையில் பாரி மடிந்த பிறகு, பறம்பு மலையை இழந்த அவன் மகள்கள் பாடியது. மொத்தம் ஐந்தே அடி. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். ஒப்பாரி இல்லை, சாபம் இல்லை. தகப்பனையும் மண்ணையும் பிரித்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை, அதுதான் அந்தப் பாட்டின் பலம்.

1948-இல் ஏழு வயதில் ஊரைவிட்டுப் போன பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷும் அம்மாவின் ரொட்டிக்கும் காபிக்கும் ஏங்கித்தானே எழுதினார்?

சரி, ஊரை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறையும் அந்த ஏக்கத்தை எழுதுகிறது என்று நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் தாத்தா வீட்டுத் திண்ணை, கிணறு, முற்றம் என்று பட்டியல் போடும் கவிதைகள் எனக்குச் சலித்துவிட்டன. கண்ணால் பார்க்காத ஊருக்கு நான் ஏன் ஏங்குகிறேன் என்று தன்னையே சந்தேகப்படுகிற கவிதைதான் பிடிக்கிறது. அந்த வகையில் ஒன்றையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.