கைலாசநாதக் குருக்களுக்குப் பிறகு யார்?

உயர்தரத்தில் இந்து நாகரிகம் கற்பிக்கிற எனக்குப் பெறுபேறு வருகிற காலமெல்லாம் ஒரே கவலை. கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்து, பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்கலாம் என்று கேட்பார்கள். சமஸ்கிருதம் என்று வாயெடுத்தால் போதும், கூட வந்த தாய் தகப்பனின் முகம் மாறிவிடும். "அது ஐயர்மாரின் படிப்பு அல்லவா, டீச்சர்?" என்பார்கள். அடுத்த கேள்வி, "படித்து முடித்து என்ன வேலைக்குப் போவது?" இரண்டாவது கேள்வி நியாயமானது, பிள்ளையின் வயிற்றுப்பாட்டைப் பெற்றவர்கள் யோசிக்கத்தான் வேண்டும். முதல் கேள்விதான் என்னை நோகச் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா?

பேராசிரியர் கா. கைலாசநாதக் குருக்கள் 1921இல் நல்லூரில் பிறந்தவர். குருக்கள் பரம்பரை. வீட்டோடு வந்த வேத ஆகமப் பயிற்சியுடன் நின்றிருந்தாலும் நல்ல சிவாசாரியார் ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பார். அவர் அதோடு நிற்கவில்லை. சமஸ்கிருதத்தைப் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்றார். பூனாவுக்குப் போய் சைவப் புராண மரபை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பேராதனையில் கற்பித்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் (இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) தொடங்கியபின் இங்கே வந்து இந்து நாகரிகத் துறைக்குத் தலைமை ஏற்றார். 'வடமொழி இலக்கிய வரலாறு', 'சைவத் திருக்கோயிற் கிரியை நெறி' என்ற இரண்டு நூல்களையும் அவர் தமிழில் எழுதினார் என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கோயிலில் கைகூப்பி நிற்கிறவனுக்கும், உள்ளே நடக்கிற கிரியை என்ன, ஏன் என்று விளங்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர்.

அவர் போன பூனா எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் 1919இல் தொடங்கி 1966 வரை மகாபாரதத்துக்குச் செம்பதிப்பு தயாரித்தார்கள். காஷ்மீரத்துச் சாரதா எழுத்திலிருந்து நம் பக்கத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்தம், மலையாளம் வரை 1,259 ஏடுகளைத் திரட்டி வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். மரபுகள் பலவும் ஒத்துப்போகிற சுலோகம் மூலத்தில் நிற்கும். ஒரு பக்கத்து ஏடுகளில் மட்டும் இருப்பது அடிக்குறிப்புக்கோ பின்னிணைப்புக்கோ போகும். அப்படிப் போனவற்றில் ஒன்று, வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை. பழைய ஏடுகள் பலவற்றில் அது இல்லை.

இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் திடுக்கிடுகிறார்கள். 'கைத்தல நிறைகனி' என்ற பிள்ளையார் திருப்புகழைப் பாடி வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? "அப்படியென்றால் அது பொய்யா, டீச்சர்?" என்று கேட்பார்கள். பொய் இல்லை பிள்ளைகளே, பிந்தியது. பிந்தி வந்த கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வளவு பெரிய நூலுக்கு விக்கினம் தீர்க்கும் கடவுளே எழுத்தராக வரவேண்டும் என்று எந்தக் காலத்து மக்கள், ஏன் ஆசைப்பட்டார்கள்? அதைத் தேடிப் போவதுதான் புராண ஆராய்ச்சி. அதனால் என் நம்பிக்கை ஒரு துளியும் குறையவில்லை. இன்றைக்கும் பிள்ளையார் சுழி போடாமல் நான் எதையும் எழுதத் தொடங்குவதில்லை.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் சூரன்போர். ஐப்பசியில் கந்தசஷ்டி அன்று நம் ஊர்க் கோயில் வீதிகளில் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டுவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனைமுகம் கழன்று சிங்கமுகம் ஏறும், பிறகு சூரனின் சொந்த முகம், கடைசியில் மாமரம். அதுவும் பிளந்தால் சேவலும் மயிலும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் அப்படியே வீதியில் நடக்கிறது. ஆனால் மகாபாரதத்து வனபர்வத்தைத் திறந்தால், அங்கே முருகன் அக்கினிக்கும் சுவாகாவுக்கும் பிறந்த பிள்ளை. அவர் கொல்வது மகிஷனை. சூரபத்மன் அங்கே இல்லை. மாமரமும் இல்லை.

அந்த மாமரம் எங்கேயிருந்து வந்தது? திருமுருகாற்றுப்படையைப் படியுங்கள். கடலுக்குள் புகுந்து சூரை வென்ற வேலும் அங்கே இருக்கிறது, பூங்கொத்துகள் கீழ்நோக்கித் தொங்கும் மாமரத்தை முருகன் வெட்டி வீழ்த்தியதும் அங்கே இருக்கிறது. கந்தபுராணத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பாட்டு அது. கச்சியப்பர் வடமொழிக் காந்தத்தின், அதாவது ஸ்காந்த புராணத்தின், ஒரு பகுதியான சங்கர சங்கிதையை முதனூலாகக் கொண்டு பாடினார். அந்த நூலுக்குள் தமிழ்நிலத்து மாமரம் எப்போது, யார் கைவழியாகப் போனது? இதற்குப் பதில் தேடுகிறவருக்கு வனபர்வமும் தெரிந்திருக்க வேண்டும், சங்கப் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தவருக்குப் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

வடமொழியில் இருந்துதான் எல்லாமே வந்தது என்று சிலர் இங்கே எழுதுகிறார்கள். வடமொழி நமக்கு அந்நியம், அதைத் தொடவே கூடாது என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலானவர்கள் அந்த மொழியின் ஒரு சுலோகத்தைக்கூட எழுத்துக்கூட்டி வாசித்ததில்லை. படித்துவிட்டுச் சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன். படிக்காமல் பிடிக்கிற சண்டையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி அறிவும் மிஞ்சாது.

நம் முன்னோருக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. நல்லூர் இராசதானிக் காலத்திலேயே அரசகேசரி காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழாக்கினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அதே காளிதாசரின் மேகதூதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர்களெல்லாம் குருக்கள்மாரா? புலவர்கள். கோயிலில் ஒருவர் புராணம் வாசிக்க இன்னொருவர் பயன் (பொருள் விளக்கம்) சொல்ல, சுற்றியிருந்து கேட்டு வளர்ந்த சமூகம் இது. யாழ்ப்பாணத்தின் பண்பாட்டுக்குக் கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயர் வைத்தது சும்மா இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அதை இன்றும் ஆறாத நெஞ்சோடு பேசுகிறோம், பேச வேண்டும். அதே நேரம் எரியாமல் மிஞ்சியவற்றைப் பற்றியும் பேசுங்கள். பழைய வீடுகளின் பரணிலும் குருக்கள்மார் வீட்டுப் பெட்டிகளிலும் கிரந்த எழுத்து ஏடுகள் கிடக்கின்றன. கிரந்தம் சரளமாக வாசிக்கக்கூடியவர்களின் தலை நரைத்துவிட்டது. அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இளைய பிள்ளைகள் இப்போதே வேண்டும். பெண்பிள்ளைகளும் வேண்டும், எந்தச் சமூகத்துப் பிள்ளையாக இருந்தாலும் வேண்டும். இந்தக் கல்விக்கு வாசலில் நின்று சாதி கேட்கும் உரிமையை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வேலை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ஆசிரியத் தொழில் உண்டு, விரிவுரையாளர் பதவிகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து கற்கைகளுக்கென்று இப்போது ஒரு பீடமே இருக்கிறது. ஆனாலும் இது நீண்ட படிப்பு. ஒரு பிள்ளை இலக்கணம் கற்று, ஏடு வாசிக்கப் பழகி, ஆய்வு செய்யும் நிலைக்கு வரப் பத்து வருடமாவது பிடிக்கும். அந்தப் பத்து வருடத்தை ஒரு சாதாரணக் குடும்பம் தனியே தாங்காது.

கோயில்கள் தாங்கலாம். கும்பாபிஷேகத்துக்கும் இராசகோபுரத்துக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து குவிகிற பணத்தை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு மாணவியை ஒரு வருடம் படிக்க வைக்கலாம். பெரிய கோயில்கள் ஐந்து சேர்ந்து, வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு முழுப் புலமைப்பரிசில் கொடுக்கட்டும். சமஸ்கிருதமும் சங்கத் தமிழும் இரண்டையும் படிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். பட்டம் முடித்தபின் பூனாவுக்கோ பாண்டிச்சேரிக்கோ ஆய்வுக்கு அனுப்பட்டும். உங்கள் ஊர்க் கோயிலின் பரிபாலன சபையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கட்டாயம் இருப்பார். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எழுந்து நின்று கேளுங்கள். பிள்ளைகளைத் தெரிந்து கொடுக்க நானும் என்னோடு கற்பிக்கிற ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.