இவானுக்குப் பாட்டு கொடுத்திருக்கக் கூடாது

பெத்ரோ அல்மோதோவாரின் 1988ஆம் ஆண்டு ஸ்பானிய நகைச்சுவைப் படமான ‘நிலைகுலைவின் விளிம்பில் பெண்கள்’, 2010இல் நியூயார்க்கின் பிராட்வேயில் இசை நாடகமாக மேடையேறியபோது, அது தோற்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. தயாரித்தது லிங்கன் சென்டர் தியேட்டர். இயக்கியவர் பார்ட்லெட் ஷெர். இசையும் பாடல் வரிகளும் டேவிட் யாஸ்பெக். கதை வசனம் ஜெஃப்ரி லேன். நடிகர்களில் பாட்டி லுபோன், பிரையன் ஸ்டோக்ஸ் மிட்செல், லாரா பெனாண்டி, ஷெரி ரெனே ஸ்காட் என்று பிராட்வே கொண்டாடும் பெயர்கள். நவம்பர் 4ஆம் தேதி பெலாஸ்கோ அரங்கில் முறையாகத் தொடங்கிய நாடகம், திட்டமிட்டிருந்த நாளுக்கு முன்பாகவே, 69 காட்சிகளோடு, 2011 ஜனவரி 2ஆம் தேதி முடிந்துபோனது.

ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்த அரங்க அமைப்பையும், திரைகளில் மாறிக்கொண்டே இருந்த ஒளிப்படிமங்களையும் விமர்சகர்கள் அப்போது குறை சொன்னார்கள். மேடையேற்றத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பின்னர் வெளிவந்த பாடல் தொகுப்பைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அரங்க அமைப்பு பற்றிய குறை உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதையெல்லாம் சரிசெய்திருந்தாலும் தீராத ஒரு சிக்கல் பாடல்களிலேயே இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். அதைச் சொல்வதற்குப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

படத்தின் நாயகி பெபா ஒரு பின்னணிக் குரல் கலைஞர். அவளைக் கைவிட்டுப் போகிற இவானும் அதே தொழில் செய்பவன். 1941இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி வெளிநாட்டுப் படங்கள் ஸ்பானிய மொழியில் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியதிலிருந்து அந்த நாட்டில் வேரூன்றிவிட்ட தொழில் அது. ஹாலிவுட் நாயகர்களை முகம் தெரியாத ஸ்பானியக் குரல்களின் வழியே காதலித்த தலைமுறைகள் அங்கே உண்டு. அல்மோதோவார் இதைக் கதையின் அச்சாணியாகவே வைத்திருக்கிறார். ‘ஜானி கிட்டார்’ என்ற ஹாலிவுட் படத்தின் காதல் காட்சிக்கு இவான் தன் பங்கை முன்பே பேசிப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு பெபா தனியாக வந்து, காதில் ஒலிக்கும் அவனுடைய குரலுக்குத் தன் பங்கைப் பேசுகிறாள். பொய்யாவது சொல், இத்தனை ஆண்டுகள் எனக்காகக் காத்திருந்ததாகச் சொல் என்று அவன் குரல் கேட்கிறது. காத்திருந்தேன் என்று அவள் சொல்கிறாள். இரண்டுமே வேறு யாரோ எழுதிய வசனங்கள். தன் சொந்த வார்த்தையில் பெபா அங்கே எதுவுமே பேசுவதில்லை. பேசி முடித்ததும் மயங்கி விழுகிறாள்.

அந்தப் படத்தின் நகைச்சுவை முழுக்க இப்படி ஆளில்லாத குரலைச் சுற்றியே ஓடுகிறது. தொலைபேசியில் தனியாகப் பேசும் ஒரு பெண்ணைக் கொண்டு ழான் காக்டோ எழுதிய ஓரங்க நாடகத்திலிருந்துதான் அல்மோதோவார் தொடங்கினார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. படத்தில் அந்த நாடகத்தின் கதை அநேகமாக மிஞ்சவில்லை, தொலைபேசி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆள் எடுக்காதபோது செய்தியைப் பதிவு செய்துகொள்ளும் பதில் கருவியில் இவானின் குழைவான குரல் விழுகிறது. பெபா ஓடி வருவதற்குள் நின்றுவிடுகிறது. பிறகு தொலைபேசி சன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பறக்கிறது. இவானை நாம் எப்போதாவதுதான் பார்க்கிறோம். அவன் கைக்கு எட்டாதவரைதான் பெபா படுக்கைக்குத் தீ வைப்பதற்கும், தூக்க மாத்திரை கலந்த கஸ்பாச்சோ சூப்பைக் காவலர்கள் குடித்துச் சரிவதற்கும், இவானின் முன்னாள் மனைவி லூசியா துப்பாக்கியோடு விமான நிலையத்துக்குப் பறப்பதற்கும் பொருள் இருக்கிறது.

இசை நாடகமோ இவானை முன்மேடைக்குக் கொண்டுவந்து பாட வைத்தது. வைக்காமல் எப்படி இருப்பார்கள்? மிட்செல் போன்ற கம்பீரமான பாரிடோன் குரல்காரரை அழைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் மறைவில் நிறுத்திவைக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வராது. ஆகவே இவானுக்குப் பாட்டுகள் கிடைத்தன. ஒலிப்பதிவு அறையில் வந்த அந்தப் பொய் சொல்லச் சொல்லும் வரியே, பெபாவும் அவனும் பாடும் பாடலாகிவிட்டது. பாட்டு என்னவோ இனிமையானதுதான். ஆனால் கடன் வாங்கிய வசனத்துக்குப் பின்னால் பெபா மறைத்துக்கொண்டதை, அவளுக்கென்றே எழுதிய மெட்டு வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. கதையை நிறுத்திவிட்டுப் பாட்டு வருவது தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு பொருட்டே அல்ல. பாத்திரம் சொல்லாமல் வைத்திருந்ததைப் பாட்டு சொல்லிவிடுகிறதே, அதுதான் என் குறை.

படத்தில் யாரும் தம்மை விளக்கிக்கொள்வதில்லை. பெபாவின் தோழி காந்தேலா காபிக் கெண்டி வடிவத்தில் காதணி மாட்டிக்கொண்டு, தன் காதலன் பயங்கரவாதி என்று தெரிந்து நடுங்குகிறாள். அந்தக் காதணியைப் பார்த்துச் சிரிக்கும்படி படம் நம்மை இடிப்பதில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் பெபா அழுவதைப் பார்த்துத் தானும் அழுகிறார். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தன்னிடம் இல்லையே என்று வருந்துகிறார். அடுத்த முறை அவள் ஏறும்போது மருந்து தயாராக இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய பாத்திரம், அது போதும். நாடகம் அவரையே கதைசொல்லியாக்கி, மாத்ரித் நகரத்தை நமக்கு அறிமுகப்படுத்தும் தொடக்கப் பாடலையும் கையில் கொடுத்துவிட்டது.

இத்தனை சொன்ன பிறகு, ஒரு பாட்டைப் பாராட்டாமல் விட்டால் அநியாயமாகிவிடும். காந்தேலா பெபாவின் பதில் கருவியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி விடுவதையே யாஸ்பெக் ஒரு முழுப் பாடலாக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறை திரும்ப அழைக்கும்போதும் பதற்றம் ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது, மறுமுனையில் இயந்திரத்தைத் தவிர யாரும் இல்லை. லாரா பெனாண்டி இதைப் பாடுவதைக் கேட்டாலே படத்தின் வேகமும் பைத்தியக்காரத்தனமும் அப்படியே வந்துவிடுகின்றன. பதில் வராத குரல் என்ற விதியை இந்தப் பாட்டு மீறவில்லை என்பதே காரணம் என்பேன். அவருக்கும் லுபோனுக்கும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதின் பரிந்துரை கிடைத்தது; இசைக்கும் கிடைத்தது.

2015இல் டாம்சின் கிரெக் பெபாவாக நடிக்க, லண்டனின் பிளேஹவுஸ் அரங்கில் அதே ஷெர், நாடகத்தைத் திருத்தி, ஆடம்பரத்தைக் குறைத்து மீண்டும் மேடையேற்றினார். அது சில மாதங்கள் ஓடியது. கதைசொல்லும் ஓட்டுநர் அங்கும் இருந்தார், பாடும் இவானும் இருந்தான்.

யாஸ்பெக்கின் திறமையில் எனக்கு ஐயமே இல்லை. ‘தி பேண்ட்ஸ் விசிட்’ என்ற இஸ்ரேலியப் படத்தை அவர் பின்னர் இசை நாடகமாக்கினார். 2018இல் அது 10 டோனி விருதுகளை அள்ளியது. ஊர் மாறி வந்துவிட்ட எகிப்திய வாத்தியக் குழு ஒன்று, பாலைவனச் சிற்றூரில் ஓர் இரவைக் கழிக்கும் கதை அது. அதில் பொதுத் தொலைபேசி ஒன்றின் அருகே காதலியின் அழைப்புக்காக ஓர் இளைஞன் நாள்தோறும் காத்து நிற்கிறான். நாடகம் அவனை ஏறக்குறைய கடைசிவரை பாட விடுவதில்லை.