யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை ஐயா

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மேரி பிரின்ஸைப் பற்றி இருபது நிமிடம் தொண்டை வறளப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். தலைமை தாங்கியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஆங்கிலேயர் மனமிரங்கி விடுதலை கொடுத்த அடிமைப் பெண்ணின் கதை." கைதட்டல் வேறு.

கொடுத்தார்களா? பெர்முடாவில் பெற்ற தாயின் கண்ணெதிரே, உள்ளூர் நாணயத்தில் 57 பவுண்டுக்கு ஏலம் போனபோது அவருக்கு வயது பன்னிரண்டு இருக்கும். அப்புறம் டர்க்ஸ் தீவு உப்பளத்தில் முழங்கால் உப்புநீரில் நின்று காலெல்லாம் புண். பிறகு ஆங்கிலேயர் ஆண்ட கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் ஜான் வுட் வீட்டு வேலை. எஜமானர் ஊரில் இல்லாத நாட்களில் அடுத்தவர் துணியை வெளுத்து, கப்பல்காரர்களுக்குக் காப்பியும் கிழங்கும் விற்றுக் காசு சேர்த்தார். எதற்கு? தன்னைத்தானே விலைக்கு வாங்க. வுட் விற்க மறுத்தார்.

1828-இல் அந்தக் குடும்பம் அவரை லண்டனுக்குக் கூட்டிப்போனது. மூட்டுவலியோடு மலை மலையாகத் துணி துவைக்கச் சொன்னார்கள், முடியாவிட்டால் வெளியே போ என்றார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒருநாள் போயேவிட்டார். யாரும் கொடுக்கவில்லை, அவரே நடந்துபோனார்.

"இங்கிலாந்தில் கால் வைத்தாலே சுதந்திரம்தானே?" என்று பின்னூட்டம் தட்டத் தயாராக இருப்பவர்களுக்கு: ஆமாம், அங்கேயே கிடந்தால். ஆன்டிகுவாவின் கிரேஸ் என்ற பெண் இங்கிலாந்து போய்த் திரும்பியதால் மறுபடி அடிமைதான் என்று 1827-இலேயே ஸ்டோவெல் பிரபு தீர்ப்பளித்திருந்தார். மேரியின் கணவர் டேனியல் ஜேம்ஸ் இருந்ததோ ஆன்டிகுவாவில். புருஷனிடம் போனால் அடிமை. 1829-இல் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார். பணம் தருகிறோம், விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடு என்று பிறர் கேட்டும் வுட் மசியவில்லை. மனமிரங்கினார்களாம்!

சரி, அடிமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் வேலை கொடுத்தார், 1831-இல் மேரியின் கதையை அச்சேற்றினார், அதனால் கோர்ட்டுக்கும் இழுபட்டார். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் 1833-இன் அடிமை ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுண்டு இழப்பீட்டை எஜமானர்களுக்கல்லவா ஒதுக்கியது? உப்பில் கால் வெந்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அப்பா போன பிறகு அம்மா ராத்திரியெல்லாம் தையல் மிஷின் மிதித்து எங்களைப் படிக்க வைத்தார். ஒரு உறவினர், ஒரே ஒருமுறை ஃபீஸ் கட்டியவர், எந்தக் கல்யாணப் பந்தியிலும் "இவங்களை நான்தான் கரையேத்தினேன்" என்பார். இரண்டும் ஒன்றல்ல, தெரியும், பாடம் எடுக்க வராதீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே இலையைப் பார்ப்பார். எனக்குத்தான் சோறு இறங்காது.

சனிக்கிழமை டீ குடிக்காமல் கிளம்பியதும் அதனால்தான். தலைவலி என்று சொன்னது பொய்.